பாஸ்கோ கொடுத்த ஜாடி

வெளிச்சம் மரங்களுக்குள் இறங்கியதும் முதல் வெடிச்சத்தம் கேட்டது. மான் வேட்டை தொடங்கும் நவம்பர் காலையில் மிச்சிகன் வடகாட்டில் யாரும் அதற்குத் தலையைக்கூடத் தூக்கமாட்டார்கள். கார்லா மட்டும் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தாள். சத்தம் வடக்கிலிருந்து வந்தது. தம்பி மானுக்காக மறைந்து உட்கார்ந்திருக்கும் பலகைக் கூண்டு கிழக்கே, சேற்றுநிலத்துக்கு அப்பால். அவனாக இருக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

அடுத்த சத்தத்துக்கும் இதே கதைதான். அதற்கடுத்ததற்கும். வேட்டைக்காகத் தங்கும் அந்தக் கேம்ப்பில் அவள் மட்டுமே இருந்தாள். தம்பி டுவேன் இருட்டோடு கிளம்பிப் போய்விட்டான். மூன்றாவது ஆளான பக்கத்து வீட்டு பாஸ்கோவும் போய்விட்டான். அவளும் இந்நேரம் தன் கூண்டில் இருக்க வேண்டியவள். கறி அடைத்த பேஸ்டியை அடுப்பில் வைத்துவிட்டுப் போகிறேன் என்று சாக்குச் சொல்லி நின்றுவிட்டாள். உள்ளுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது.

அரித்தது டுவேனின் துப்பாக்கியில் இருந்த தோட்டாக்கள். அவற்றை அடைத்தது அவள்.

தோட்டாவை வீட்டிலேயே அடைக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வெடிமருந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்கிறவன் எழுந்து போனாலும் நிறுத்தமாட்டார்கள். கார்லாவும் அந்த ரகம்தான், அதிலும் கறார் பேர்வழி. நிலவறையில் அவள் மேசை மேல் ஒரே நேரத்தில் இரண்டு மருந்து டப்பாக்களை யாரும் பார்த்திருக்க முடியாது. ஒன்றை மூடி அலமாரியில் வைத்த பிறகுதான் இன்னொன்றைத் தொடுவாள். டப்பாவை விட்டு வெளியே வந்த மருந்துக்குப் பெயர் கிடையாது, அதைக் கொண்டுபோய் ரோஜாச் செடிக்குப் போடு என்று ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் எத்தனையோ பேரிடம் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறாள்.

அவளுடைய துப்பாக்கி கையால் தாழ்ப்பாளை இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றுவது. மெதுவாக எரியும் மருந்தைப் போட்டாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும். டுவேனுடையது அப்படியல்ல. பழைய ராணுவத் துப்பாக்கி. ஒரு முறை சுட்டால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். குண்டு குழலின் நுனிக்கு வரும்போது அங்கே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகக் கொஞ்சம் காற்றழுத்தம் பிரிந்து ஒரு நீளத் தண்டைப் பின்னால் தள்ள வேண்டும். அந்தத் தண்டுதான் காலிக் கூட்டை வெளியே எறிந்துவிட்டு அடுத்ததை உள்ளே இழுக்கும். மெதுவான மருந்து என்றால் நுனிக்கு வந்த பிறகும் அழுத்தம் தணிந்திருக்காது, தண்டை எட்டி உதைத்து வளைத்துவிடும். வேகமான மருந்து என்றால் குண்டு நகர்வதற்கு முன்பே எல்லாம் எரிந்து பின்பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். பின்பக்கத்தில்தான் சுடுகிறவனின் முகம் இருக்கிறது. அந்தத் துப்பாக்கிக்கு நடுத்தர மருந்து ஒன்றே ஒன்றுதான் ஒத்துப்போகும். வருஷா வருஷம் அதைத்தான் போட்டு வந்தாள்.

இந்த வருஷம் அந்த மருந்து எந்தக் கடையிலும் இல்லை. மார்க்கெட் என்ற பக்கத்து நகரத்துக்குப் போனாள், எல்லை தாண்டி விஸ்கான்சினுக்கும் போனாள். வரும்போது சொல்கிறோம் என்றார்கள், வரவில்லை. கடைத் தோட்டாக்கள் இருந்தன, ஆனால் அவை இந்தக் காலத்துத் துப்பாக்கிகளுக்காகச் செய்தவை, பழசுக்கு ஆகாது. அலமாரியில் அவளுடைய மெதுவான மருந்து ஒரு டப்பா நிறைய இருந்தது. இரண்டு தடவை அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். தண்டு வளைந்து நின்றுவிட்டால் வலது தோள் போன டுவேனால் ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு காட்டில் என்ன செய்ய முடியும்? போடக்கூடாது என்று முடிவு செய்தாள். அது சரியான முடிவுதான். அதைச் சரியாக எடுத்துவிட்ட தெம்பிலேயே அடுத்ததில் கோட்டைவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பாஸ்கோ ஒரு ஊறுகாய் ஜாடியோடு வந்து நின்றான்.

“நீ தேடுறது இதுதான், கார்லா. எங்கிட்ட ஒரு டப்பா கெடந்துச்சு, பாதி உனக்கு.”

“டப்பா எங்க?”

“டப்பாவயே குடுத்துட்டா நான் எதுல வெச்சுக்கறது? அதே மருந்துதான். நான் என்ன உனக்கு மாவையா கட்டிக் குடுக்கறேன்?”

பாஸ்கோ வாய் கிழியப் பேசுவான், ஆனால் பொய் சொல்கிறவன் அல்ல. கார்லா ஜாடியைத் திறந்து பார்த்தாள். சாம்பல் நிறத்தில் பொடிப்பொடிக் குச்சிகள். அவள் வழக்கமாகப் போடும் மருந்தும் அப்படித்தான் இருக்கும். உலகத்தில் பாதி மருந்துகள் அப்படித்தான் இருக்கும். அதுவும் அவளுக்குத் தெரியும். வேறு யாராவது அந்த ஜாடியை அவளிடம் கொண்டுவந்து காட்டியிருந்தால் காதைத் திருகி அனுப்பியிருப்பாள்.

ஆனால் இது டுவேனுக்கு. மரம் வெட்டும் வேலையில் ஒரு மேப்பிள் மரம் திசை மாறிச் சாய்ந்து அவன் வலது தோளை நொறுக்கிவிட்டது. அதற்குப் பிறகு வந்த வேட்டைக் காலங்களில் அவன் வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை. சோபாவில் படுத்தபடி ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பான். மனைவி முதலில் கோபித்தாள், பிறகு அழுதாள், பிறகு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கார்லா போனால் கதவைத் திறப்பான், அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் போன மாதம் ஒரு நாள், “என் துப்பாக்கிக்குத் தோட்டா இருக்கா?” என்று கேட்டான். அவனிடம் போய் மருந்து இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எப்படிச் சொல்வாள்? போன வருஷம் போட்ட எடையையே இந்த மருந்திலும் போட்டாள். கொஞ்சமாகத் தொடங்கி, சுட்டுப் பார்த்து, பிறகுதான் ஏற்ற வேண்டும். அதே மருந்துதானே என்று அதையும் விட்டுவிட்டாள்.

கதவு படாரென்று திறந்தது. பாஸ்கோ பனி பூட்ஸோடு உள்ளே வந்து அடுப்பருகே நின்று கைகளைத் தேய்த்தான்.

“வயிறு சரியில்ல. நேத்துச் சாப்பிட்ட சாஸேஜ் பேசுது. நீ இன்னும் போகலியா?”

“போகணும்.”

“அந்த ஜாடில மிச்சம் இருந்தா வெச்சிரு, கீழ கொட்டிராத.” அவன் அசட்டுத்தனமாகச் சிரித்தான். “நேத்துக் கெளம்பறப்ப ஷெட்டுல பாத்தேன். உனக்குக் குடுத்தேன்னு சொன்னேன்ல, அந்த டப்பா சீல் ஒடைக்காம அப்படியே உக்காந்திருக்கு. அப்ப உனக்கு எதக் குடுத்தேன்னே தெரியல.”

கார்லா அவனுக்கு நேரே வந்து நின்றாள். “வேற என்ன தெறந்திருந்துச்சு?”

“நரி சுடற சின்னத் துப்பாக்கிக்குப் போடறது ஒண்ணு. அது பாதிதான் இருக்கு. ஆனா நான் எப்பவும் பாதிலதான் வெச்சிருப்பேன், அதனால…”

நரித் துப்பாக்கிக்குப் போடுவது வேகமான மருந்து. அந்தச் சின்னக் கூட்டில் ஒரு சிட்டிகை போடுவான். கார்லா டுவேனின் தோட்டாவில் கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு போட்டிருந்தாள்.

“உன் வண்டிச் சாவியக் குடு.”

“ஏ, இப்பப் போய் வண்டிய எடுக்காத. காடு பூரா உன்னத் திட்டும். நேத்து ராத்திரியே நான்…”

அவன் சொல்லி முடிக்கும்போது அவள் அறையில் இல்லை. அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி, ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு நான்கு சக்கர வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தாள்.

டுவேனைக் கூப்பிட வழியில்லை. காட்டுக்குள் போன் எடுத்துப் போகக்கூடாது என்பது அந்தக் கேம்ப்பின் சட்டம். எல்லார் போன்களும் கதவருகே மாட்டிய கூடையில் கிடந்தன. ஆபத்து என்றால் வரிசையாக மூன்று முறை சுடுவது வழக்கம். இன்றைக்கு எல்லாரும்தான் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள், எவன் எண்ணப் போகிறான்? வேட்டை தொடங்கும் காலையில் காட்டுக்குள் இன்ஜின் சத்தம் எழுப்புகிறவரை அந்த ஊர் சாகும்வரை மன்னிக்காது. திட்டட்டும் என்று முறுக்கினாள். மன்னிப்பு கேட்க ஒரு குளிர்காலம் முழுக்க இருக்கிறது.

பாதை முழுக்கத் தன்னையே வைதுகொண்டு போனாள். முட்டாளே, ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கக் கூடாதா? ஒரே ஒரு தோட்டாவைச் சுட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? தம்பி முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அந்த முகத்தையே பணயம் வைத்துவிட்டாயே.

நீர்நாய்கள் அணை கட்டிய இடத்தில் பாதை முடிந்தது. வண்டியை அணைத்தாள். அணைத்த நொடியில் கிழக்கே ஒரு வெடி.

ஒரே ஒரு வெடி.

கார்லா அசையாமல் நின்றாள். டுவேன் ஒன்றோடு நிறுத்துகிறவன் அல்ல. முதல் குண்டு பட்டாலும் படாவிட்டாலும் இன்னொன்றை அனுப்பிவிடுவான். அதற்காக அப்பாவிடம் சின்ன வயதில் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறான். இன்னொன்று வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சுடுடா, இன்னொரு தடவை சுட்டுத் தொலை என்று வாய்விட்டே சொன்னாள். பிறகு தான் என்ன கேட்கிறோம் என்பது உறைத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடி ஒரு வெடி. அதே பக்கம்தான், ஆனால் மேட்டுக்கு மேலே, இன்னும் தள்ளி. வேறு யாரோ. இரண்டும் ஒரே ஆள்தானா, முதலாவது வேறா என்று தெரியவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் ஓடினாள்.

சேற்றுநிலத்தில் பனி மூடிய பொய்த்தரை. ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போனது. இழுத்ததில் பூட்ஸுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஏறியது. தேவதாருக் கிளைகள் முகத்தில் அறைந்தன. வழக்கமாக அவனுடைய கூண்டுக்குப் பின்பக்கமாகச் சுற்றித்தான் போவார்கள். சுற்ற நேரமில்லை, குறுக்கே போனாள். அப்படிப் போனால் அவன் சுடும் திசைக்குள்ளேயே நுழைய வேண்டியிருக்கும் என்று பாதி வழியில் புரிந்தது. என்னைப் பார்த்துச் சுட்டாலும் வெடிக்கப் போவது அவன் முகத்தில்தான் என்று நினைத்துக்கொண்டு நடையை இன்னும் எட்டிப் போட்டாள்.

மரங்கள் விலகி வெட்டவெளி தெரிந்தது. அதன் மறுகரையில் பலகையடித்த சின்னக் கூண்டு. திறந்த ஜன்னல் வழியாகத் துப்பாக்கிக் குழல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குழல் அசைந்தது. உயிரோடு இருக்கிறான். கார்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

குழல் எதைப் பின்தொடர்ந்து நகர்கிறது என்று அப்போதுதான் பார்த்தாள். வெட்டவெளியின் நடுவே ஒரு கிடா மான் நின்றது. கேம்ப் சுவரில் மாட்டியிருக்கும் எல்லாக் கொம்புகளையும் விடப் பெரிய கொம்பு. அது தலையைக் குனிந்து பனியைக் கிளறிக்கொண்டிருந்தது. டுவேன் இடது தோளில் துப்பாக்கியை வைத்துக் கன்னத்தை அதன் மேல் பதித்திருந்தான்.

“டுவேன், சுடாத.”

அவளுக்கே அந்தக் குரல் தன்னுடையது என்று தெரியவில்லை. மான் ஒரே தாவலில் கிளம்பியது. குழல் அதன் கூடவே ஓடியது. கார்லா வெட்டவெளிக்குள் ஓடி வந்து இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கத்தினாள்.

“தோட்டா தப்பா இருக்குடா. சுடாத. தோட்டா தப்பு.”

மானின் வெள்ளை வால் மரங்களுக்குள் மறைந்தது. குழல் கொஞ்ச நேரம் அந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல உள்ளே போனது.

அவள் கூண்டின் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். டுவேன் மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தான். அன்றைக்குக் காலையில் சவரம் செய்திருந்தான். அதைக் கார்லா இப்போதுதான் கவனித்தாள்.

“அந்த மானப் பாத்தியா?” என்றான்.

“பாத்தேன்.”

“அந்த மாதிரி ஒண்ணு இந்தக் காட்டுல இருக்குன்னே எவனும் நம்பமாட்டான்.”

“மன்னிச்சிருடா. முதல்ல தோட்டாவ எடு. விசைகிட்டருந்து கைய எடு.”

அவன் முழங்காலில் துப்பாக்கியைச் சாய்த்துத் தண்டை இழுத்தான். தோட்டாக்கள் கோத்திருந்த கிளிப் துள்ளிக்கொண்டு அவள் கையில் விழுந்தது. அவள் அதை மேல்சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினாள். அதன் பிறகுதான் கூண்டின் படியிலேயே உட்கார்ந்தாள்.

“நான் போட்ட மருந்து வேற. பாஸ்கோ எதையோ மாத்திக் குடுத்துட்டான், எதுன்னு அவனுக்கே தெரியல. இப்பத்தான் வந்து சொல்றான், சாவகாசமா. வேகமானதா இருந்தா உன் மொகமே போயிருக்கும்.”

டுவேன் துப்பாக்கியின் மேல் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டான். திகைப்பான், இல்லை கோபத்தில் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். இரண்டும் இல்லை.

“கேக்குதா ஒனக்கு?”

“கேக்குது. நேத்துச் சீட்டாடறப்பவே சொன்னான்.”

“யாரு?”

“பாஸ்கோ. நீ அப்ப ஸானால நீராவிக் குளியல் எடுத்துட்டிருந்த. டப்பா மாறிருச்சுபோல, எதுக்கும் கார்லாகிட்டக் கேட்டுக்கோன்னான்.”

கார்லா திரும்பி அவனைப் பார்த்தாள். “அப்புறம் ஏன்டா எங்கிட்டக் கேக்கல?”

“நீ அடைச்சது. ஜாடியப் பாத்து ஏமாறுற ஆளா நீ? எப்படியும் சோதிச்சிருப்பன்னு நெனச்சேன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “சோதிக்கல. ஒண்ணக்கூடச் சுட்டுப் பாக்கல. நீ போனாப் போதும்னு இருந்துச்சு.”

“ம்.” அவன் ஜன்னல் வழியாக வெட்டவெளியைப் பார்த்தான். மான் கிளறிய இடத்தில் புல் தெரிந்தது. சாதாரணக் குரலில் சொன்னான். “பாதி அப்படி நெனச்சேன். நீ பாத்திருப்பன்னு.”

“மீதிப் பாதி?”

“பாக்கலேன்னாலும் பரவால்லன்னு.”

தொலைவில் எங்கேயோ சுட்டார்கள். கார்லாவுக்கு அது காதில் விழவில்லை. காலையிலிருந்து ஒவ்வொரு சத்தத்துக்கும் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவள் அவள். அத்தனை நேரமும் தப்பான இடத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். மருந்து எதுவாக இருந்தாலும் இவன் விசையை இழுத்திருப்பான். நேற்று இரவு தெரிந்துகொண்டு, ஒன்றும் நடக்காதது போலச் சீட்டைப் போட்டுவிட்டு, காலையில் சவரம் செய்துகொண்டு வந்திருக்கிறான்.

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை, அவன் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். கையுறைக்குள் விரல்கள் சில்லென்றிருந்தன.

“எனக்கு நீ வேணும்டா. தோள் இருக்கோ இல்லையோ, மான் அடிக்கிறியோ இல்லையோ, எனக்கு அதப்பத்தி ஒண்ணும் இல்ல. நீ வேணும்.”

“தெரியும்.”

“தெரியாது ஒனக்கு. தெரிஞ்சிருந்தா நேத்தே சொல்லிருப்ப. இன்னிக்கு நாம ரெண்டு பேரும் டாக்டரப் பாக்கப் போறோம். வேட்டை எங்கயும் போயிடாது. கொஞ்ச நாளைக்கு என் வீட்லதான் நீ தூங்கற.”

“ஒன் சமையலச் சாப்பிட்டுட்டா?”

“அதையேதான்.”

அவன் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பு என்று சொல்லிவிட முடியாது. அவள் துப்பாக்கியை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அவன் எழுந்து நின்று இடது பைக்குள் கையை விட்டு இன்னொரு கிளிப்பை எடுத்துக் கொடுத்தான்.

“வேற?” என்றாள்.

“வேற இல்ல.”

நேற்று வரை அந்தச் சொல்லே அவளுக்குப் போதுமாயிருந்திருக்கும். இப்போது அவள் நகரவில்லை. டுவேன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தானாகவே கைகளை விரித்தான்; இடது கை முழுவதும் உயர்ந்தது, வலது கை முடிந்த வரைக்கும் உயர்ந்து அங்கேயே நின்றது. கார்லா அவனுடைய மேல்சட்டையின் பைகளையும், உள்சட்டையின் பைகளையும், கால்சட்டையின் பைகளையும் ஒவ்வொன்றாகக் கை விட்டுப் பார்த்தாள். அவன் தடுக்கவில்லை.